எவர்சில்வர் காரை பிளாஸ்டிக்கில் கொண்டுவருவது: 1/24 டிலோரியன் டைம் மெஷின்

சினிமாவில் வந்த கார்களை மாடலாகச் செய்யும்போது, சரியான வண்ணக் குறியீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டிலோரியனில் அந்த வசதி இல்லை. 1980-களின் தொடக்கத்தில் வட அயர்லாந்தின் டன்மரியில் தயாரான டிஎம்சி-12 காரின் வெளித்தகடுகள் பெயிண்டே அடிக்காத 304 ரக எவர்சில்வர். 1985-இல் வெளியான 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் அதை டைம் மெஷினாக மாற்ற, அந்தக் காரின் மேல் குழாய், ஒயர், டப்பா என்று என்னென்னவோ ஏறின. ஆனால் மாடல் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறவர் கண் முதலில் போவது கதவுக்கும் பானெட்டுக்கும்தான். அங்கே வெள்ளி பெயிண்ட் மாதிரி தெரிந்தால், பின்பக்கம் எத்தனை நுணுக்கமாக ஒயர் இழுத்திருந்தாலும் அது பொம்மைதான்.

ஆவோஷிமா நிறுவனத்தின் 1/24 கிட்டை (பாகங்களை வெட்டி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் தொகுப்பை) மனதில் வைத்து இதை எழுதுகிறோம். போலார் லைட்ஸ் வெளியிட்ட 1/25 கிட்டுக்கும் இதே முறைகள் பொருந்தும். நிஜக் காரின் நீளம் சுமார் 4,267 மி.மீ., ஆகவே 1/24-இல் 178 மி.மீ. வரும். 1/8-இல் இதுவே 533 மி.மீ.; அந்த அளவில் நிஜமான உலோகத் தகட்டையே பயன்படுத்தலாம், அது வேறு கதை.

எந்தக் காட்சி?

கிட் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கார் மாறிக்கொண்டே இருக்கிறது.

1985 அக்டோபர் 26, ட்வின் பைன்ஸ் மால் பார்க்கிங்கில் நடக்கும் முதல் சோதனையில் பின்னால் 'அவுட்டடைம்' நம்பர் பிளேட் உண்டு, புளூட்டோனியம் ரியாக்டர் உண்டு, மின்னலைப் பிடிக்கும் கொக்கிக் கம்பி கிடையாது. நாய் ஐன்ஸ்டீனை அனுப்பும் அந்த முதல் ஓட்டத்திலேயே பிளேட் கழன்று தரையில் சுழல்கிறது. 1955 நவம்பர் 12, மணிக்கூண்டுக் காட்சியில் கொக்கிக் கம்பி இருக்கும், பிளேட் இருக்காது. இணையத்தில் கொக்கியும் 'அவுட்டடைம்' பிளேட்டும் சேர்ந்திருக்கும் மாடல்கள் எக்கச்சக்கம். பார்க்க அழகுதான், ஆனால் படத்தில் அப்படி ஒரு கார் இல்லை. 2015-லிருந்து திரும்பிவரும் காரில் ரியாக்டர் இருந்த இடத்தில் குப்பையையே எரிபொருளாக்கும் 'மிஸ்டர் ஃப்யூஷன்' கருவி உட்கார்ந்திருக்கும், பிளேட்டும் பார்கோடு போட்டதாக மாறியிருக்கும். மூன்றாம் பாகத்தில் வெள்ளை விளிம்பு டயர்களும், பானெட்டின் மேல் வால்வு ரேடியோக் குழாய்கள் நிறைந்த ஒரு பெட்டியும் வரும்.

டேஷ்போர்டில் இருக்கும் மூன்று வரிசை நேரக் காட்டிக்கும் இந்த முடிவு தேவை. மேலே சிவப்பில் போய்ச்சேர வேண்டிய நேரம், நடுவில் பச்சையில் இப்போதைய நேரம், கீழே மஞ்சளில் கடைசியாகக் கிளம்பிய நேரம். மணிக்கூண்டுக் காட்சி என்றால் மேல்வரிசையில் 1985, நடுவரிசையில் 1955. இது தலைகீழாக இருந்தால் ரசிகர்கள் விடமாட்டார்கள்.

உடல்: தயாரிப்பு

பாகங்கள் இருக்கும் சட்டத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழல ஒரு எண்ணெய்ப்பசை இருக்கும். சாதாரண வண்ணம் அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளும், உலோக வண்ணம் பொறுக்காது.

பாகங்களை நிப்பரால் 1 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். கதவுகளின் உட்புறத்தில் அச்சு ஊசிகள் அழுத்திய வட்டத் தழும்புகள் இருந்தால் இப்போதே பட்டி வைத்து அடையுங்கள். கதவு மேல்நோக்கித் திறந்து நிற்கும் கார் என்பதால், மற்ற மாடல்களில் மறைந்துவிடும் அந்த இடம் இதில் நேராகக் கண்ணில் படும்.

கதவுப் பொருத்தத்தைப் பெயிண்டுக்கு முன் பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்று விட்டுவிடுவதுதான் பரவலான தவறு. பிரைமர், அடிப்பூச்சு, உலோகப்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு விளிம்பிலும் கனம் ஏற்றும். கதவின் இரு பக்கமும் உடலின் இரு பக்கமும் ஏறினால் மூடவே மூடாது. அழுத்தினால் விளிம்பில் பூச்சு உரியும். வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும்போது கதவைச் சுற்றி ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும் இடைவெளி இருக்கட்டும். கூரையின் நடுப்பட்டையில் கீல் வரும் இடத்தையும் சேர்த்துத் தேயுங்கள்.

எவர்சில்வர் பூச்சு

மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது ஆல்கிளாட் ஏஎல்சி-115, 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்ற பெயரிலேயே வரும் லாக்கர் வண்ணம். தின்னர் சேர்க்கத் தேவையில்லை. 0.3 மி.மீ. ஊசி கொண்ட ஏர்பிரஷ்ஷில் 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஐந்தாறு செ.மீ. தூரத்திலிருந்து, ஈரம் தெரியாத அளவுக்கு மெலிதாக நான்கைந்து சுற்று. அடியில் பளபளக்கும் கறுப்பு போட்டால் குரோம் பக்கம் சாய்ந்துவிடும். நமக்கு வேண்டியது அது அல்ல. மிஸ்டர் சர்ஃபேசர் 1500 கறுப்பு அல்லது அடர் சாம்பல் பிரைமர் போதும். அடிப்பூச்சு குறைந்தது ஒரு நாள் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பரப்பில் இதை அடித்தால், அடியில் இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பு சிலந்திவலை மாதிரி வெடிக்கும்.

இரண்டாவது, மிஸ்டர் மெட்டல் கலர் எம்சி213. பூசியதும் மங்கலாக இருக்கும், காய்ந்தபின் துணியால் தேய்த்தால் பளபளப்பு ஏறும். தேய்க்கும் அளவை வைத்துப் பளபளப்பைக் கட்டுப்படுத்தலாம் என்பது இதன் பலம். ஒட்டுப்பிடி குறைவு என்பது பலவீனம்: மாஸ்கிங் டேப் இழுத்தால் கூடவே வந்துவிடும், விரல் பட்டால் பட்ட இடம் தெரியும்.

மூன்றாவது, பசையுள்ள மெல்லிய அலுமினியத் தாள். தட்டையான பேனல்களும் நேர்க்கோடுகளும் நிறைந்த இந்தக் காருக்கு ஜியார்ஜெட்டோ ஜியூஜியாரோ தந்த வடிவமைப்பு இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். ஆனால் சக்கர வளைவு விளிம்பில் தாளை மடித்து உள்ளே கொண்டுபோகப் பொறுமை வேண்டும், அடியில் ஒரு தூசி இருந்தாலும் கொப்புளமாகத் தெரியும். பிளக்ஸ் கடைகளில் கிடைக்கும் 'பிரஷ்டு' வினைல் ஸ்டிக்கரை மட்டும் 1/24-இல் தொடாதீர்கள். அதில் இருக்கும் கோடுகள் இந்த அளவுக்கு மிகவும் தடிமன்.

எங்கள் தேர்வு முதலாவது. காரணம், இழையோட்டம்.

நிஜக் காரின் தகட்டில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய தேய்ப்புக் கோடுகள் உண்டு. கணக்குப்படி பார்த்தால் 24-இல் ஒரு பங்காகச் சுருக்கும்போது அவை கண்ணுக்கே தெரியக்கூடாது. ஆனால் கோடுகளே இல்லாவிட்டால் கண் அதை எவர்சில்வர் என்று ஏற்பதில்லை, வெள்ளி பெயிண்ட் என்றே எடுத்துக்கொள்கிறது. ஒளி ஒரு திசையில் மட்டும் நீளமாக இழுபட வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதனால் கோடுகளை உலோகப்பூச்சில் கீறாமல், அதற்கு அடியில் பிரைமரில் கீற வேண்டும்.

பிரைமர் நன்றாகக் காய்ந்தபின், 2000 எண் உப்புத்தாளை ஒரு சிறிய தட்டையான மரத்துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். கதவுகளை மூடி உள்ளிருந்து டேப் ஒட்டி நிறுத்துங்கள். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை வழிகாட்டியாக வைத்து, முன் ஃபெண்டரில் தொடங்கி கதவு வழியாகப் பின்பக்கம் வரை ஒரே இழுப்பு. தண்ணீர் வேண்டாம், போய்வரும் தேய்ப்பும் வேண்டாம். ஒரு திசையில் இழுத்து, கையைத் தூக்கி, மறுபடி தொடக்கத்துக்கு வர வேண்டும். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் கை தன்னையறியாமல் வில்லாக வளையும், உலோகம் ஏறியதும் அந்த வில் அப்படியே மின்னும். பக்கவாட்டில் கோடுகள் காரின் நீளவாக்கில் ஓடும். பானெட், கூரை, பின்மூடி ஒவ்வொன்றுக்கும் நிஜக் காரின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துத் திசை பாருங்கள். 1500-க்குக் கீழான தாள் கீறலாகவே தெரியும்.

கீறியபின் தூசியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இலேசாக ஒற்றி எடுத்துவிட்டு ஏஎல்சி-115 அடியுங்கள். பூச்சு தடித்தால் கோடுகள் நிரம்பிப்போகும், அடித்த கஷ்டம் வீண். மறுநாள் 4000 எண் சாண்டிங் ஸ்பாஞ்சால் அதே திசையில் ஒன்றிரண்டு முறை தடவினால் போதும். இதன் மேல் கிளியர் கோட் போடாதீர்கள். எந்தக் கிளியரும் உலோகத்தைச் சாம்பலாக்கும். பதிலுக்கு இனி கடைசிவரை நைட்ரைல் கையுறையோடுதான் உடலைத் தொட வேண்டும்.

மழைக்காலத்தில், கடலோர ஊர்களில், காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் லாக்கர் பூச்சு வெளுத்துப் பால் படிந்தது போல ஆகும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுப்பதால் வருவது அது. மின்விசிறியை நிறுத்தி ஏசி அறையில் அடித்தால் தப்பிக்கலாம். பெயிண்ட் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் என்சி தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டும். பிளாஸ்டிக் மேல் விழுந்தால் கரைத்துவிடும்.

பெரும்பாலான மாடல்கள் கோட்டைவிடும் ஓர் இடம்: முன், பின் பம்பர் முகப்புகள் எவர்சில்வர் அல்ல. நிஜக் காரில் அவை வளையும் பாலியூரித்தேன். உலோகத்தோடு ஒத்துப்போகும்படி பெயிண்ட் அடிக்கப்பட்டவை. ஆகவே அவற்றில் இழையோட்டம் கூடாது, நிறமும் ஒரு பிடி மங்கலாக இருக்க வேண்டும். டாமியா வண்ணத்தில் எக்ஸ்எஃப்-16 (மங்கல் அலுமினியம்) மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-56 (உலோகச் சாம்பல்) ஒரு பங்கு கலந்து அடித்து, அரை மங்கல் கிளியர் போட்டால் சரியாக அமையும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் அந்தச் சின்ன வேறுபாடு தெரிந்தவுடன், மற்ற பேனல்கள் தாமாகவே இன்னும் உலோகமாகத் தோன்றும்.

பேனல் இடுக்குகளில் வாஷ் (நன்றாக நீர்த்த வண்ணம்) விடும்போது கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் போதும். எம்சி213 பூசியிருந்தால் வாஷைத் துடைக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அந்த உடலில் உலோகம் பூசுவதற்கு முன்பே இடுக்குகளைக் கறுப்பாக்கிவிடுங்கள்.

பின்பக்கம்

படத்துக்காக ரான் காப் முதலில் வரைந்து, ஆண்ட்ரூ ப்ரோபர்ட் செம்மைப்படுத்திய வடிவம் இது. கராஜில் ஒரு மனிதர் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது போல இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நிஜத்திலும் விமானக் கழிவுச் சாமான்களையே பொருத்தினார்கள். மிஸ்டர் ஃப்யூஷன் என்பது க்ரூப்ஸ் நிறுவனத்தின் காபி அரைக்கும் இயந்திரம். அதனால் எல்லாவற்றையும் ஒரே கன்மெட்டலில் அடித்துவிட்டால் அந்த ஒட்டுப்போட்ட தன்மை போய்விடும். டப்பாக்களில் நாலைந்து வகை உலோகச் சாயல் வேண்டும்: எக்ஸ்எஃப்-16, எக்ஸ்-10 (கன்மெட்டல்), எக்ஸ்எஃப்-56, எக்ஸ்-11 (குரோம் வெள்ளி), அங்கங்கே செம்பு.

இந்தப் பகுதி முழுவதையும் காரிலிருந்து தனி அடுக்காகக் கட்டி, வண்ணமடித்து, கடைசியில் ஏற்றுங்கள். ஒயர்களுக்குக் கணக்கு எளிது: நிஜத்தில் 25 மி.மீ. குழாய் இங்கே சுமார் 1 மி.மீ.; 10 மி.மீ. கேபிள் 0.4 மி.மீ. கிட்டில் பிளாஸ்டிக்காக வார்த்த கேபிள்கள் இருந்தால் அவற்றைச் சீவிவிட்டு நிஜ ஒயர் போடுவது நல்லது. 0.8 மி.மீ. சால்டரிங் ஈயக் கம்பி வளைத்த இடத்தில் நிற்கும், கறுப்பு அடித்தால் ரப்பர் குழாய்தான். சுருள் சுற்றிய கிதார் தந்தி பின்னல் குழாய்க்குப் பொருந்தும். பழைய இயர்போன் ஒயரின் உள் இழைகள் மெல்லிய வண்ண ஒயர்களாகும். எதையும் பரப்பின் மேல் ஒட்டாதீர்கள். 0.5 அல்லது 0.8 மி.மீ. துளை 2 மி.மீ. ஆழம் போட்டு நுழைத்து ஒட்டினால்தான் பின்னால் கை பட்டாலும் கழலாது.

விளக்குகள்

காரின் உள்ளே, இருக்கைகளுக்குப் பின்சுவரில் இருக்கும், படத்தில் காலப் பயணத்தைச் சாத்தியமாக்கும் ஃப்ளக்ஸ் கெபாசிட்டர் பெட்டி இந்த அளவில் விரல்நக அகலம்தான். Y வடிவில் இருக்கும் அதன் மூன்று கைகளிலும் ஒளி வெளியிலிருந்து மையத்துக்கு ஓட வேண்டும். அதற்குள் எல்இடிகளை நுழைப்பதைவிட 0.25 மி.மீ. ஒளியிழை நல்லது. ஒவ்வொரு கையிலும் நான்கு துளை, மொத்தம் பன்னிரண்டு இழை. மூன்று கைகளின் முதல் துளை இழைகளைச் சேர்த்து ஒரு எல்இடி, இரண்டாம் துளை இழைகளுக்கு இன்னொன்று என்று நான்கே எல்இடி. ஏடிடைனி85 என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் சில்லின் நான்கு கால்கள் இதற்குப் போதும். ஒரு படிக்கு 60 முதல் 80 மில்லி நொடி வைத்தால் ஓட்டம் படத்தில் பார்த்தது போலத் தெரியும். இழைகளை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் முறுகி, தொட்ட இடத்தில் உடையும். வெள்ளைப் பசை அல்லது எபாக்சி மட்டுமே.

நேரக் காட்டிக்கு, கிட்டில் வரும் டீகாலின் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படத்தின்) பின்னால் விளக்கு வைத்தால் மங்கலான சதுரம்தான் தெரியும். கறுப்புப் பின்னணியில் எண்கள் தெளிவாக இருக்கும்படி ஓஎச்பி தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். ஒரு படி டோனர் ஒளியை முழுதாக மறைக்காது, இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். வரிசைகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைக்க மறந்தால் பச்சை சிவப்பில் கசியும்.

0402 அளவு எல்இடி 1 மி.மீ. நீளம், 0.5 மி.மீ. அகலம். முதல்முறை செய்கிறவர்கள் இடம் இருக்கும் இடங்களில் 0603 எடுத்துக்கொள்ளலாம். இணைப்புக்கு 42 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, ஏறத்தாழ 0.1 மி.மீ.; மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் கிடைக்கும். சில வகைக் கம்பிகளில் சால்டரிங் சூட்டிலேயே மேற்பூச்சு எரிந்துவிடும், சிலவற்றில் கத்தியால் சுரண்டியே ஆக வேண்டும். எரியாத வகை என்று தெரியாமல் ஈயம் வைத்தால் பார்க்க ஒட்டியது போலவே இருக்கும், மின்சாரம் போகாது. எல்லா இணைப்பையும் காருக்கு வெளியே முடித்து, சோதித்து, பிறகே உள்ளே வையுங்கள்.

மின்சாரம் 5 வோல்ட் யுஎஸ்பி, பீடத்தின் அடியிலிருந்து டயர் வழியாகவோ அடித்தட்டு வழியாகவோ. வெள்ளை, நீல எல்இடிக்கு 3.1 வோல்ட் போக மிச்சம் 1.9, 2 மில்லி ஆம்பியருக்கு 1 கிலோ ஓம் மின்தடை. சிவப்புக்கு 2 வோல்ட் போக 3; 1.5 கிலோ ஓம். பச்சை நம் கண்ணுக்கு அதிகமாக உறைக்கும் என்பதால் 4.7 கிலோ ஓம் வரை போகலாம். கெபாசிட்டருக்கு 4, காட்டிக்கு 3, பக்கப்பட்டைகளுக்கு 4, முன் 2, பின் 2 என்று பதினைந்து விளக்குகள் சேர்ந்தாலும் 30 மில்லி ஆம்பியர்தான். சிஆர்2032 பட்டன் செல்லில் ஓட்ட நினைக்காதீர்கள்: அதன் 3 வோல்ட் நீல எல்இடிக்கு விளிம்பில் நிற்கிறது, சுமை ஏறியதும் இன்னும் இறங்கும், சிவப்பு மட்டும் எரிந்து நீலம் அணையும்.

உடலைச் சுற்றி ஓடும் பட்டைகள் ஒளிர வேண்டும் என்றால் கிட் பாகம் உதவாது. அதன் நடுவில் வாய்க்கால் வெட்டி, பக்கவாட்டில் ஒளி சிந்தும் 1 மி.மீ. இழையைப் பதித்து, இரு முனையிலும் நீல எல்இடி வையுங்கள். ஒரு முனை மட்டும் போதும் என்று விட்டால் கதவுக்கு அருகே இருட்டிவிடும்.

உடலின் உட்புறம் முழுவதும் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளி. இல்லையென்றால் முன்விளக்கைப் போட்டதும் ஃபெண்டரே சிவந்து ஒளிரும், அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த எவர்சில்வர் அந்த நொடியே பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சம்

கண்ணாடிப் பாகங்களுக்கும் ஃபெவிக்விக் ஆகாது, அதன் ஆவி படிந்து வெள்ளையாகப் பூக்கும். முன் சக்கரம் 14 அங்குலம், பின் சக்கரம் 15 அங்குலம் என்பதால் மாற்றி மாட்டிவிடாதீர்கள். ஸ்பீடாமீட்டர் டீகாலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்காவில் விற்ற டிலோரியனில் அது 85 மைலோடு முடியும், காலம் தாண்ட மணிக்கு 88 மைல் ஓட வேண்டிய படக் காரில் 95 வரை இருக்கும்.

காலப் பயணம் முடிந்து வந்த காரின் பனி உறைந்த தோற்றத்துக்குச் சமையல் சோடாவைத் தூவுகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஈரம் இழுத்து உலோகப்பூச்சைக் கெடுக்கும். மைக்ரோ பலூன் எனப்படும் கண்ணாடித் தூளை மங்கல் கிளியரில் கலந்து, தனியாக ஒரு கிட் உடலில் சோதித்துவிட்டு அடிக்கலாம்.

காட்சிப்பெட்டியில் வைக்கும்போது டயருக்கு அடியில் ஒரு சிறு துண்டு அலுமினியத் தாளை மறைவாக வையுங்கள். மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் மென்மையாக்கி, மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அக்ரிலிக் பீடத்தையும் பெயிண்டையும் இளக்கி, காரைத் தூக்கும்போது டயர் பீடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதே காரணத்துக்காக, டயரை மாட்டும் முன் ரிம்மின் உள்வளையத்திலும் ஒரு சுற்று அலுமினியத் தாள் ஒட்டிவிடுவது நல்லது.